ஓட்டமும் ஊர்வளமும்

ஆண்டு விழா என்றதும் நம் சிறுவர் சிறுமியர்க்கு முதலில் நினைவுக்கு வருவது ஓட்டப் பந்தயம். இசையும் நாடகமும் பட்டிமன்றமும் மாலைக்கு உரியவை. காலைப் பொழுது கால்களுக்கு உரியது. சுண்ணாம்புக் கோடு கிழித்து, ஊதல் ஊதி, ஆறு வயதுக் குழந்தை முதல் அறுபது வயதுப் பெரியவர் வரை ஓடவிட்டு, முடிவில் எவர்சில்வர் கிண்ணம் ஒன்றைப் பரிசாகக் கொடுத்து அனுப்புவது, குடிபெயர்ந்து வாழும் தமிழர் சங்கங்கள் பலவற்றில் நெடுநாளைய வழக்கம்.

இவ்வாண்டு நம் அன்பர் சிலர், இப்பந்தயத்தைச் சற்றே விரித்து, வெளியாரையும் அழைத்து, ஐந்து கிலோமீட்டர் ஓட்டமாக நடத்தலாம் என்று கருத்துத் தெரிவித்தனர். "வீண் செலவு" என்றார் ஒருவர். "சங்கத்திற்கு நிதி சேரும்" என்றார் மற்றொருவர். "நம் பக்கத்துக் கடைத்தெரு செழிக்கும்" என்றார் வேறொருவர். ஓட்டத்தால் உடலுக்கு நலம் உண்டு என்பதில் மூவர்க்கும் ஐயமில்லை. ஊருக்கு வருவாய் உண்டா, உண்டெனில் அது யார் கைக்குச் சென்று சேர்கிறது என்பதிலேதான் கருத்து வேற்றுமை. இவ்வினாவிற்கு வரலாறு தரும் விடையை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

மணி கட்டிய கோலும் வழியூரும்

ஓட்டத்திற்கும் ஊரின் பொருள்வளத்திற்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. நாம் வந்து குடியேறியுள்ள இத்தில்லி மாநகரிலேயே அதற்குப் பழஞ்சான்று உண்டு. மொராக்கோ நாட்டிலிருந்து புறப்பட்டு உலகின் பெரும்பகுதியைச் சுற்றிய இப்னு பதூதா, 14-ஆம் நூற்றாண்டில், முகம்மது பின் துக்ளக் ஆண்ட காலத்தில் தில்லியில் சில ஆண்டுகள் தங்கியிருந்தார். அந்நாளைய அஞ்சல் முறையை அவர் தம் பயண நூலில் வியந்து விரித்துரைக்கின்றார். குதிரை அஞ்சல் ஒன்று; கால் அஞ்சல் மற்றொன்று. கால் அஞ்சலுக்காக ஒவ்வொரு மைலும் மூன்றாகப் பகுக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் மக்கள் வாழும் ஊர் ஒன்று. ஊருக்கு வெளியே மூன்று பந்தல்கள். அவற்றில் இடையை இறுகக் கட்டி, ஓடுவதற்கு ஆயத்தமாய் ஆட்கள். ஓடுபவன் ஒரு கையில் மடலையும் மறு கையில் இரு முழக் கோலையும் ஏந்தியிருப்பான். கோலின் தலையில் செப்பு மணிகள் கட்டியிருக்கும். மணியோசை காதில் விழுந்ததும் அடுத்த பந்தலில் இருப்பவன் எழுந்து நிற்பான். சிந்து நாட்டிலிருந்து தில்லிக்கு ஐம்பது நாட் பயணம். செய்தியோ ஐந்தே நாளில் வந்து சேர்ந்தது. குராசான் நாட்டுப் பழங்களும் சுல்தானின் உணவுக்கு இவ்வாறே ஓடி வந்தன. குதிரை அஞ்சலினும் கால் அஞ்சலே விரைவானது என்று அந்த யாத்திரிகர் குறித்துள்ளார்.

இக்குறிப்பில் நாம் கருத்தில் இருத்த வேண்டியது, பந்தலை அடுத்திருந்த அந்த ஊர். ஓடி வந்தவன் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், அவன் மனைவி மக்கள் பிழைக்க வேண்டும். அரண்மனைக் கருவூலத்திலிருந்து புறப்பட்ட கூலிக்காசு, அவ்வழியூர்களில் தானியமாகவும் துணியாகவும் மாறியிருக்கும் என்று கருதுவதில் தவறில்லை. ஓடியவன் மன்னனுக்காக ஓடினான். அவன் செலவழித்ததோ தன் ஊரில்.

பிற்காலத்தில் ஷேர் ஷா 1540 முதல் 1545 வரை ஆண்ட ஐந்தே ஆண்டுகளில், பெருவழிகளின் ஓரமாகச் சராய் என்னும் தங்கற்சாவடிகளைத் தொடர்ந்து கட்டுவித்தார். அவை வழிப்போக்கர்க்கு விடுதியாகவும் அஞ்சல் நிலையமாகவும் விளங்கின. சில, நாளடைவில் சந்தையூர்களாகவும் வளர்ந்தன. அக்பரது காலத்தில் மேவாத் நாட்டைச் சேர்ந்த மேவ்ராக்கள் என்போர் ஓட்டத்தில் பெயர் பெற்று அரசப் பணியில் அமர்ந்திருந்தனர். நம் நகரிலிருந்து மருத்துவக் கழகத்தைத் தாண்டினால் யூசுஃப் சராய். இன்னும் சற்றுத் தெற்கே காலு சராய், ஜியா சராய். இப்பெயர்களைப் பேருந்துப் பலகையில் நாள்தோறும் படிக்கின்றோம். வழிப்போக்கு மிகுந்த இடத்தில் தங்குமிடம் தோன்றும். தங்குமிடம் தோன்றினால் அங்காடி தோன்றும் என்பதற்கு இச்சராய்ப் பெயர்கள் இன்றும் சான்று கூறுகின்றன.

தமிழகத்திலும் இக்கதை வேறன்று. 1786-ஆம் ஆண்டில் சென்னையில் பொது அஞ்சலகம் அமைந்த பிறகு, இரயில் பாதை வரும்வரை, 'தப்பால்' மூட்டையைத் தோளில் சுமந்து ஓடியவர்களே ஊரையும் ஊரையும் இணைத்தனர். திருவிதாங்கூரில் மணி கட்டிய கோலேந்தி ஓடிய அஞ்சலோட்டக்காரரைப் பற்றி நம் மலையாள நண்பர்களின் முன்னோர் கதை கதையாகக் கூறுவர்.

நம் நகருக்குப் பெயர் தந்த பெருமகனும் இவ்வரலாற்றில் இடம் பெற்றவரே. விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் செய்திப் போக்குவரத்து அமைச்சர் ரஃபி அகமது கிட்வாய். அவர் பொறுப்பிலிருந்த 1949-ஆம் ஆண்டில் இரவு விமான அஞ்சல் தொடங்கிற்று. தில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு நகரங்களிலிருந்தும் விமானங்கள் இரவில் புறப்பட்டு, நாகபுரியில் கூடி, அஞ்சற்பைகளை ஒன்றோடொன்று மாற்றிக்கொண்டு விடியுமுன் திரும்பின. துக்ளக் காலத்துப் பந்தலில் மடல் கைமாறியதன் புது வடிவம் அது. சென்னையில் தாய் எழுதிய கடிதம், தில்லியில் எழுத்தராக இருந்த மகனுக்கு மறுநாளே கிடைத்தது எனின், அதன் அருமையை நம்மவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. 1954-ஆம் ஆண்டில் கிட்வாய் மறைந்தார். பிழைப்பிற்காக ஓடிய ஓட்டக்காரரும் மெல்ல மெல்ல மறைந்தனர். விழாவிற்காக ஓடுவோர் அவ்விடத்திற்கு வந்தனர்.

தில்லி கண்ட பெருவிழாக்கள்

1951-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் முதலாவது ஆசிய விளையாட்டு விழா தில்லியில் நடைபெற்றது. பதினொரு நாடுகள் பங்கு கொண்டன. இந்தியா கேட்டை அடுத்த நேஷனல் ஸ்டேடியமே அதன் களம். மாரத்தான் என்னும் நெடுந்தொலை ஓட்டத்தில் முதல்வராக வந்தவர் நம் நாட்டுச் சோட்டா சிங். அதற்கு முப்பத்தோராண்டுகள் கழித்து, 1982-இல், மீண்டும் அவ்விழா தில்லிக்கு வந்தது. லோதி சாலையை ஒட்டி ஜவாஹர்லால் நேரு விளையாட்டரங்கம் எழுந்தது; நகரெங்கும் மேம்பாலங்கள் தோன்றின. 2005-ஆம் ஆண்டு முதல் தில்லி அரை மாரத்தான் தொடங்கி, அதே அரங்கத்திலிருந்து பல்லாயிரவர் புறப்பட்டு ஓடும் காட்சியை இந்நகரம் கண்டது.

இப்பெருவிழாக்களால் நகருக்கு நன்மை இல்லை என்று கூறுவார் இலர். மேம்பாலத்தின் மீது இன்றும் நாம் செல்கின்றோம். ஆயினும் பெருவிழாவின் பொருள் எவ்வழியில் வந்து எவ்வழியில் சென்றது என்று நோக்கினால், அதன் இயல்பு புலனாகும். வெளிநாட்டு ஓட்டக்காரர் வானூர்தியில் வருவர். நட்சத்திர விடுதியில் தங்குவர். பரிசுத் தொகையுடன் திரும்புவர். பந்தலும் மேடையும் பனியனும் பதக்கமும் பெரிய ஒப்பந்தக்காரர் வழியே வரும். அரங்கத்திற்குப் பக்கத்துக் குடியிருப்பில் தேநீர் விற்பவர் அன்று காண்பது, பெரும்பாலும் அடைக்கப்பட்ட சாலையே. நகரம் பெரிது, அதன் கணக்கில் வரவு வந்திருக்கும். தெருவின் கணக்கு வேறு.

மற்றொன்றையும் இங்கே கூறிவிடுதல் நன்று. 2017-ஆம் ஆண்டில் நவம்பர்த் திங்களின் நச்சுப்புகையை முன்னிட்டு, அரை மாரத்தான் ஓட்டத்தைத் தள்ளிவைக்க வேண்டும் என்று மருத்துவர் சங்கம் வலியுறுத்தியது, செய்தி உயர்நீதிமன்றம் வரை சென்றது, ஓட்டம் நடந்தது. நெடுநாள் முன்னரே நாள் குறித்து, விளம்பரதாரர் பொருள் முடக்கிவிட்ட பெருவிழாவை எளிதில் நிறுத்த இயலாது. சிறிய ஓட்டத்தையோ ஒரு சுற்றறிக்கையால் அடுத்த திங்களுக்கு மாற்றிவிடலாம். சிறுமைக்கும் சில பெருமைகள் உண்டு.

சிற்றோட்டங்கள் பிறந்த கதை

இன்று உலகப் புகழ் பெற்ற ஓட்டங்கள் சில, தொடக்கத்தில் நம் சங்கத்துப் பந்தயத்தை ஒத்த அளவினவே. அவற்றுள் முதலாவதாகக் குறிப்பிடத்தக்கது தென்னாப்பிரிக்காவில் நேட்டால் மாநிலத்தில் பிறந்தது. அந்நாடு நமக்குப் புதிதன்று. 1860-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள், சென்னையிலிருந்து சென்ற துரூரோ என்னும் கப்பல் கரும்புத் தோட்டக் கூலிகளாக நம்மவரை இறக்கிய துறைமுகம் டர்பன். அங்கிருந்து உள்நாட்டில் இருக்கும் பீட்டர்மாரிட்ஸ்பர்க் நகர், காந்தியடிகள் 1893-இல் இரயிலிலிருந்து இறக்கிவிடப்பட்ட இடம். இவ்விரு நகரங்களுக்கும் இடையே ஏறத்தாழத் தொண்ணூறு கிலோமீட்டர்.

முதல் உலகப் போரிலிருந்து திரும்பிய விக் கிளாப்பம் என்னும் இரயில் எஞ்சின் ஓட்டுநர், போரில் மாண்ட தோழர்களின் நினைவாக அந்நெடுவழியில் ஓட்டம் ஒன்று நடத்த விரும்பினார். முன்னாள் போர்வீரர் சங்கம் நெடுநாள் மறுத்து, பின்னர் இசைந்து, செலவிற்கு ஒரு பவுன் கொடுத்தது. அதையும் திருப்பித் தர வேண்டும் என்பது நிபந்தனை. 1921-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் முப்பத்து நால்வர் புறப்பட்டனர். பதினாறு பேர் முடித்தனர். அதுவே 'தோழர் ஓட்டம்'. இன்று பல்லாயிரவர் அதில் ஓடுகின்றனர். வழியோர மக்கள் விடியற்காலையிலேயே நாற்காலியும் அடுப்புமாகச் சாலையோரத்தில் அமர்ந்து, சமைத்து உண்டு, ஓடுவோர்க்கு ஊக்கம் தருகின்றனர். ஒரு பவுனில் தொடங்கிய ஓட்டம், இரு நகரங்களின் விடுதிகளையும் கடைகளையும் ஆண்டுதோறும் நிரப்புகிறது.

அந்த ஓட்டத்தின் வரலாற்றில் கசப்பான பக்கமும் உண்டு. 1975-ஆம் ஆண்டு வரை, வெள்ளையர் அல்லாதார்க்கும் மகளிர்க்கும் அதில் முறைப்படி இடம் தரப்படவில்லை. 1935-ஆம் ஆண்டிலேயே ராபர்ட் ம்ட்சாலி என்னும் கறுப்பின ஓட்டக்காரர் ஓடி முடித்தார்; ஆயினும் அவர் பெயர் பதிவேட்டில் ஏறவில்லை. அவ்வழியின் இருமருங்கும் உழைத்து வாழ்ந்த நம் தமிழ் மக்களின் வழித்தோன்றல்களும், அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓரத்தில் நின்று பார்த்தவர்களே. ஊர் ஓட்டம் என்று பெயரிட்டால் மட்டும் அஃது ஊருக்கு உரியதாகிவிடாது. அதில் யார் ஓடலாம் என்னும் வினாவிற்கு நேர்மையான விடை வேண்டும்.

இரண்டாவது, அமெரிக்க நாட்டில் மாசசூசெட்ஸ் மாநிலக் கடற்கரையிலுள்ள பால்மத் என்னும் சிற்றூர். அங்கே மதுக்கடை ஒன்றில் பணியாற்றிய டாமி லெனார்ட் என்பவர், 1972-இல் மியூனிக் ஒலிம்பிக்கில் பிராங்க் ஷார்ட்டர் மாரத்தானில் வென்ற காட்சியைக் கடைத் தொலைக்காட்சியில் கண்டு களித்தார். நம் ஊரிலும் ஓர் ஓட்டம் வேண்டும் என்று எண்ணினார். 1973-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில், கொட்டும் மழையில், நூற்றுக்கும் குறைவானோர் கடலோரமாக ஏறத்தாழ ஏழு மைல் ஓடினர். ஓட்டம் தொடங்கியது ஓர் உணவு விடுதி வாயிலில். முடிந்தது லெனார்ட் பணியாற்றிய கடை வாயிலில். 1975-இல் அதே ஷார்ட்டர் அவ்வூருக்கு வந்து ஓடி முதற்பரிசு பெற்றார். பின்னாளில் ஆண்டுக்குப் பதினாயிரவர் அளவில் ஓடும் விழாவாக அது வளர்ந்தது. ஓட்டத்தின் இரு முனைகளையும் ஊர்க்கடைகளிலேயே முடிச்சுப் போட்டுவிட்ட அவர் அறிவை என்னென்பது! பொருளியல் நூல் பயிலாத அவர் அறிந்திருந்த உண்மை இதுதான்: ஓடுபவன் எங்கே நிற்கிறானோ அங்கேதான் பசிக்கிறது.

மூன்றாவது, இலண்டன் மாநகரின் ஓரத்தில் புஷி பூங்கா. 2004-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் பால் சின்டன்-ஹூவிட் என்பவர் அழைக்க, பதின்மூவர் ஐந்து கிலோமீட்டர் ஓடினர். கட்டணம் இல்லை, பரிசில்லை. யார் எத்தனையாவதாக வந்தார் என்பதைக் குறிக்க, இரும்புக் கடையில் வாங்கிய வாஷர்களில் எண் பொறித்துக் கொடுத்தனர். முடிந்ததும் அனைவரும் பக்கத்துக் காப்பிக் கடைக்குச் சென்றனர். இன்று பார்க்ரன் என்னும் பெயருடன் இருபதுக்கு மேற்பட்ட நாடுகளில் அது வாரந்தோறும் நிகழ்கிறது. ஆண்டுக்கு ஒரு நாள் ஆயிரம் பேர் வருவதினும், வாரந்தோறும் நாற்பது பேர் ஒரு கடைக்கு வந்து காப்பி அருந்துவது அக்கடைக்காரர்க்கு உறுதியான வருவாய். பெருமழை ஒருநாள் பெய்து ஓடிவிடும். கிணற்று ஊற்று நாள்தோறும் சுரக்கும்.

நான்காவது நம் தமிழ் மண்ணிலேயே உள்ளது. கிழக்குக் கிட்வாய் நகருக்கும் மேற்குக் கிட்வாய் நகருக்கும் இடையே செல்லும் சாலைக்கு அரவிந்தர் பெயர். அவர் பெயரால், புதுச்சேரியை அடுத்து, 1968-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் தோன்றியது ஆரோவில். அங்கே 2008-ஆம் ஆண்டு முதல் பிப்ரவரித் திங்களில் மாரத்தான் ஓட்டம் நடைபெற்று வந்துள்ளது. செம்மண் பாதையில், மரச்செறிவின் நடுவே, விடியலுக்கு முன் ஓடத் தொடங்குவர். முதல்வர் என்று எவர்க்கும் பரிசு தருவதில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஓட வருவோர்க்கு, முந்தின இரவு தங்க அறை வேண்டும். உண்ண உணவு வேண்டும். ஊர் சுற்ற வண்டி வேண்டும். குயிலாப்பாளையம் போன்ற பக்கத்துச் சிற்றூர்களின் உணவுக்கடைகளும், வாடகைக்கு ஸ்கூட்டர் விடுவோரும், விருந்தினர் இல்லங்களும் இத்தேவைகளை நிறைவு செய்கின்றன. விளையாட்டரங்கம் கட்டவில்லை, மேம்பாலம் போடவில்லை. இருந்த பாதையில் இருந்த மரநிழலில் ஓடினர். வெளியூர்ப் பணம் அங்கே இறங்கியது.

வரவு எது, வரவு போன்று தோன்றுவது எது?

இனி, கணக்கிற்கு வருவோம். 1931-ஆம் ஆண்டில் ரிச்சர்டு கான் என்னும் ஆங்கிலப் பொருளியலறிஞர் கருத்தொன்றை வெளியிட்டார். 1936-இல் கெயின்ஸ் அதனைத் தம் நூலால் உலகறியச் செய்தார். பெருக்கி என்று அதனைத் தமிழில் கூறலாம். ஓர் ஊருக்குள் புதிதாக வந்த ரூபாய் ஒரே முறை செலவாவதில்லை. வாங்கியவர் அதில் ஒரு பங்கை அவ்வூரிலேயே மீண்டும் செலவிடுவார்; அதைப் பெற்றவர் மேலும் ஒரு பங்கைச் செலவிடுவார். ஒவ்வொரு கையிலும் பாதி ஊருக்குள் தங்குமாயின், ஒரு ரூபாய் இரண்டு ரூபாயின் வேலையைச் செய்யும். ஐந்தில் ஒரு பங்கே தங்குமாயின், ஒன்றேகால் ரூபாயின் வேலையோடு நின்றுவிடும். ஓட்டைப் பானையில் நீர் எவ்வளவு ஊற்றினாலும் நிலைப்பது ஓட்டையின் அளவைப் பொறுத்தது.

இக்கருத்தைப் பற்றிக்கொண்டு, விளையாட்டு விழாக்களால் வரும் பயனைப் பலர் மிகைப்படுத்தி எழுதினர். 1995-ஆம் ஆண்டில் ஜான் கிராம்ப்டன் என்னும் அமெரிக்க அறிஞர் அப்பிழைகளை வரிசைப்படுத்திக் காட்டினார். உள்ளூரார் விழாவில் செலவிடும் பணம் புதுவரவாகாது; விழா இல்லாவிடினும் அவர் அப்பணத்தை அவ்வூரிலேயே வேறொன்றிற்குச் செலவிட்டிருப்பார். வேறு வேலையாக வந்த வெளியூரார், வந்த இடத்தில் விழாவையும் பார்த்தால் அவர் செலவும் விழாவின் கணக்கில் சேராது. விற்பனைத் தொகை வேறு, ஊரார்க்குக் கிடைக்கும் வருமானம் வேறு. இவை அவர் உரைத்த எச்சரிக்கைகளுள் சில.

நம் நகருக்குப் பொருந்துமாறு ஓர் எடுத்துக்காட்டை அமைத்துப் பார்ப்போம்; இது கற்பனைக் கணக்கே. முந்நூறு பேர் ஓடுகின்றனர், தலைக்கு இருநூறு ரூபாய் கட்டணம், ஆக அறுபதாயிரம். முந்நூற்றுவரில் இருநூற்றுவர் இக்குடியிருப்பினர், நூற்றுவர் வெளியிடத்தார். கட்டணத்தில் நாற்பதாயிரத்தை மொத்த வியாபாரியிடம் பனியனுக்கும் பதக்கத்திற்கும் கொடுத்துவிட்டால், நம்மவர் கொடுத்த நாற்பதாயிரமும் அந்தக் காலையோடு வெளியேறியதற்கு ஒப்பாகும். விழாவால் நகர் வளம் பெற்றது என்று மேடையில் பேசுவோம். உண்மையில் ஊர்ப்பணம் ஊரைவிட்டுச் சென்றிருக்கும். மறுபுறம், வெளியார் நூற்றுவரும் தத்தமக்குத் துணையாக ஒருவரை அழைத்து வந்து, தலைக்கு நூற்றைம்பது ரூபாய்க்கு இங்கே உண்டு, காய்கறியும் வாங்கிச் சென்றால், அது முப்பதாயிரம். அதுவே புதுவரவு. அதில் ஐந்தில் ஒன்று மட்டும் சுழன்றால் முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு; பாதி சுழன்றால் அறுபதாயிரம். இவ்விரண்டிற்கும் இடையே உள்ள வேறுபாடு ஓடுவோரின் தொகையால் வருவதன்று. நடத்துவோரின் அறிவால் வருவது.

நம் நகரும் நம் கடமையும்

மாநகரின் நடுவே இருக்கும் குடியிருப்புக்கு ஓட்டை பெரிது. நம் காய்கறி ஆசாத்பூர் மண்டியிலிருந்து வருகிறது, ஐ.என்.ஏ. அங்காடியில் நாம் தேடி வாங்கும் முருங்கைக்காயும் சின்ன வெங்காயமும் வாழையிலையும் தெற்கேயிருந்து வருகின்றன. ஆகவே விற்ற பணத்தின் பெரும்பகுதி சரக்கு வந்த வழியே திரும்பிச் சென்றுவிடும். இங்கே தங்குவது உழைப்பிற்குரிய கூலி ஒன்றே. எனவே நம் ஓட்டத்தின் செலவுப் பட்டியலில், பொருளைவிட உழைப்பிற்கு எவ்வளவு இடம் தருகின்றோமோ அவ்வளவே ஊருக்கு ஆதாயம்.

இதனை எழுதும்போது பழைய கிட்வாய் நகர் நினைவுக்கு வருகிறது. தாழ்ந்த குடியிருப்புகள், முன்னே புல்வெளி, வேப்பமரத்தடியில் மேசை போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர். நம் வீட்டுத் துணி எது, அடுத்த வீட்டுத் துணி எது என்பதை அவர் கேளாமலே அறிவார். 2014-ஆம் ஆண்டளவில் கிழக்குக் கிட்வாய் நகரின் பழைய வீடுகள் காலியாகி, அடுக்குமாளிகைகள் எழத் தொடங்கின. அரசு ஊழியர்க்கு மாற்றிடம் கிடைத்தது. நாம் வேறு வேறு நகர்களுக்குச் சிதறினோம். அவருக்கு மாற்றிடம் என்று எவரும் எண்ணவில்லை. பல வீடுகள் கொடுக்க வேண்டிய பாக்கி அவருடைய நோட்டுப் புத்தகத்தில் அப்படியே இருந்தது. அதில் நம் வீட்டுப் பாக்கியும் உண்டு என்பதை ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமே. வீடு மாறும் அவசரத்தில் அவரைத் தேடிச் செல்லவில்லை. பின்னர்த் தேடியபோது அவர் இல்லை. குடியிருப்பு என்பது சுவரும் கூரையும் மட்டுமன்று. அதனைச் சுற்றிப் பிழைத்த சிறுதொழிலாளரும் அதன் பகுதியே என்பதைக் காலம் கடந்து உணர்ந்தேன்.

இவ்வுணர்வோடு ஓட்டம் நடத்துவோமாயின், செய்ய வேண்டியன தாமே புலப்படும். பனியன் வேண்டுவதில்லை, எண் எழுதிய துணிப்பட்டையைப் பக்கத்துத் தையற்காரர் தைத்துத் தரட்டும். பரிசுக்கு நம் வழக்கமான எவர்சில்வர் கிண்ணத்தையே அருகிலுள்ள பாத்திரக் கடையில் வாங்குவோம். ஓடி முடித்தவர்க்கு இட்டிலியும் சுண்டலும் நீர்மோரும் நம் தாய்மார்கள் செய்து தருவார்கள். ஆனால் ஒன்று: அவர்கள் உழைப்பிற்குரிய ஊதியத்தைக் கையில் கொடுக்க வேண்டும். மகளிர் கைவேலையைச் 'சேவை' என்று புகழ்ந்து, மாலை ஒன்று போட்டு, கூலியின்றிப் பெற்றுக்கொள்வது சங்கங்களின் பழக்கமாகிவிட்டது. பந்தல்காரர்க்குப் பணம் கொடுக்கின்றோம், ஒலிபெருக்கிக்காரர்க்குக் கொடுக்கின்றோம், விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து மாவு ஊற்றிய அம்மையார்க்குப் புகழுரை மட்டும் போதுமா? கைமுறுக்குச் சுற்றியும் அப்பளம் இட்டும் குடும்பத்தைத் தாங்கும் பெண்மணிகள் நம்மிடையே உளர். ஊருக்குள் தங்கும் பணம் என்று மேலே கூறியது பெரிதும் இவர்கள் கைக்கு வருவதே.

ஓடும் வழியையும் ஆராய்ந்து அமைத்தல் வேண்டும். நம் பக்கத்தில் இரு பெரிய மருத்துவமனைகள் உள்ளன. அரவிந்தர் சாலையிலோ வட்டச்சாலையிலோ ஒரு மணி நேரம் தடை ஏற்பட்டால், நோயாளியைத் தாங்கி வரும் வண்டி நிற்கும். ஆகவே ஓட்டம் குடியிருப்பின் உட்சாலைகளிலேயே சுற்றி வரட்டும். லோதி மன்னர் காலத்துத் தரியா கான் கல்லறை நம் நகருக்குள் இருப்பதை நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவர்? ஓட்டம் அதனருகே செல்லுமாயின், வரலாறும் ஒருமுறை கண்ணில் படும். நாளும் நவம்பரில் வேண்டா; புகை நீங்கிய பிப்ரவரியின் இறுதியில் வைப்போம்.

யாவற்றினும் தலையாயது, யார் ஓடலாம் என்பது. வாயிற்காவலரின் பிள்ளைகளும், வீட்டுவேலை செய்யும் பெண்களின் பிள்ளைகளும் கட்டணமின்றி, நம் பிள்ளைகளோடு ஒரே கோட்டில் நின்று ஓட வேண்டும். டர்பன் சாலையோரத்தில் நம் இனத்தார் நின்று பார்த்த கதையைப் படித்து வருந்தும் நாம், நம் வாயிலில் வேறு பிள்ளைகளை நிற்க வைத்துப் பார்க்கச் செய்தல் முறையாகுமா?

இப்பொழுது, தொடக்கத்தில் கருத்துரைத்த மூன்று அன்பர்க்கும் விடை கூறலாம். வீண் செலவு என்றவர்க்கு: காசு வெளியே போகும்படி நடத்தினால் அவர் கூற்று உண்மையே. சங்கத்திற்கு நிதி சேரும் என்றவர்க்கு: சேரலாம், ஆனால் அது பெரும்பாலும் நம் சட்டைப்பையிலிருந்து நம் உண்டியலுக்கு மாறிய பணம், அதனை வளம் என்று எண்ணி மயங்குதல் கூடாது. கடைத்தெரு செழிக்கும் என்றவர்க்கு: வெளியிலிருந்து விருந்தினர் வந்தால் ஓரளவு செழிக்கும். அவ்விருந்தினரும் எங்கோ இருப்பவர் அல்லர். இந்நகரில் வாழ்ந்து, பணி ஓய்வு பெற்றும் வீடு மாறியும் துவாரகைக்கும் நொய்டாவிற்கும் குருகிராமத்திற்கும் சென்றுவிட்ட நம் குடும்பத்தாரே அவர்கள். ஐ.என்.ஏ. நிலையத்தில் மெட்ரோ வண்டி 2010-ஆம் ஆண்டு முதல் நின்று செல்கிறது. ஆண்டுக்கு ஒரு காலை அவர்கள் பழைய ஊரைப் பார்க்க வரட்டும். ஓட இயலாதவர் நடக்கட்டும். நடக்க இயலாதவர் நாற்காலியில் அமர்ந்து பிள்ளைகளைக் கைதட்டி ஊக்கட்டும். திரும்பும்போது அங்காடியில் ஒரு பை நிறைய வாங்கிச் செல்லட்டும்.

ஓட்டம் முடிந்ததும் வரவு, செலவு, யாருக்கு எவ்வளவு கொடுக்கப்பட்டது என்னும் விவரம் அனைத்தும் அடுத்த ஆண்டு மலரில் அச்சாக வேண்டும். எவர்க்கேனும் பாக்கி இருப்பின், அதுவும் பெயரோடு அச்சாகட்டும். மரத்தடி நோட்டுப் புத்தகத்தில் நம் கடன் மீண்டும் ஒருமுறை தங்கிவிடலாகாது.

சங்கம் வளர்க! நம் நகரும் நகரைச் சுற்றி உழைப்போரும் நலமுடன் வாழ்க!